ஊர்க்கதை எழுதியே பெயர் எடுத்தவர்

(நமது தங்கவயல் நிருபர்)

பத்திரிகையில் பெயர் எடுக்க வேண்டுமானால் அரசியல் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கொலை, கொள்ளை எழுத வேண்டும் என்று ஒரு நினைப்பு உண்டு. இரண்டையும் விட்டுவிட்டு, இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது, இந்தக் கட்டிடத்தை யார் கட்டினார்கள், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்த புண்ணியவான் யார், அந்தக் காலத்தில் எந்த மண்டபத்தில் யார் பாடினார்கள், எந்த மைதானத்தில் யார் கிரிக்கெட் ஆடினார்கள் என்று எழுதியே ஒருவர் பெரும் பெயர் எடுத்தார். அவர்தான் எஸ். முத்தையா.

2019-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி சென்னையில் அவர் காலமானபோது வயது 89. பத்திரிகைத் தொழிலுக்கு வந்தது 1951-ல். நடுவில் வேறு வேலைகள் பார்த்தாலும் கடைசி வரையில் அவர் எழுத்தை விடவில்லை.

செட்டிநாட்டில் முத்தையாக்களுக்குப் பஞ்சம் கிடையாது. கவியரசு கண்ணதாசனின் இயற்பெயரே முத்தையாதான். கோட்டையூரில் வீடு நிறையப் பழைய தமிழ்ப் புத்தகங்களும் நோட்டீசுகளும் சேர்த்து வைத்த ரோஜா முத்தையா செட்டியார் இன்னொருவர். அவர் 1992-ல் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைத்தது. நாம் சொல்ல வந்த முத்தையா இவர்கள் இருவரும் அல்லர். இவர் ஆங்கிலத்தில் எழுதியவர். அதனால்தான் நம்மவர்களில் பலருக்கு இவரைத் தெரியாமல் போயிற்று. ஆனால் அவருடைய கதையில், ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் தமிழர்கள் கேட்க வேண்டிய சமாசாரம் நிறைய இருக்கிறது.

கொழும்பில் கிடைத்த தொழில்

முத்தையா பிறந்தது 1930 ஏப்ரல் 13-ந் தேதி, பள்ளத்தூரில். பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வர்த்தகம் செய்த நகரத்தார் சமூகத்தைச் சேர்ந்தவர். சிறு வயது கழிந்தது கொழும்பில். மேற்படிப்பு அமெரிக்காவில். அந்தக் காலத்தில் இவ்வளவு படித்தவர் கொழுத்த சம்பளத்தில் ஏதாவது கம்பெனியில் உட்கார்ந்திருக்கலாம். இவர் போனது பத்திரிகைக்கு. 1951-ல் கொழும்பு 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' பத்திரிகையில் சேர்ந்தார். 17 வருஷம் அங்கே வேலை. படிப்படியாக உயர்ந்து ஞாயிறு இதழைப் பார்த்துக் கொள்ளும் பொறுப்புக்கு வந்தார்.

ஞாயிறு இதழ் என்றால் என்ன என்று இங்கே இரண்டு வரி சொல்ல வேண்டும். நாள்தோறும் வரும் சேதிக்கு ஆயுள் ஒரு நாள்தான். மறுநாள் அதில் மசால் வடை கட்டுவார்கள். ஞாயிறு இதழ் அப்படியல்ல. அதை வீட்டில் ஆற அமரப் படிப்பார்கள். பெண்கள் படிப்பார்கள், பிள்ளைகள் படிப்பார்கள். அதில் நாட்டியம் வேண்டும், நாடகம் வேண்டும், ஊர்த் திருவிழா வேண்டும், பழைய மனிதர்களைப் பற்றி நாலு வார்த்தை வேண்டும். இதை எழுதுகிறவன் மந்திரி வீட்டு வாசலில் நிற்கத் தேவையில்லை. ஆனால் ஊரில் நாலு பேர் வீட்டுத் திண்ணையில் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பழக்கம் முத்தையாவுக்கு வந்தது கொழும்பில்தான்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த தொழிலுக்கு முட்டுக்கட்டையாக வந்தது ஒரு காகிதம். குடியுரிமைக் காகிதம்.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. இந்திய வம்சாவளித் தமிழர்கள், முக்கியமாகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள், லட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. கையில் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். பார்சல் ஆபீசில் மூட்டையைப் பிரித்து வண்டி வாரியாக அடுக்குவது போல மனிதர்களைப் பிரித்த கணக்கு அது. தோட்டத்துக் கூலிக்கு ஏற்பட்ட கதி, பெரிய படிப்புப் படித்த பத்திரிகையாளரையும் விடவில்லை. இலங்கைக் குடியுரிமை கிடைக்காத நிலையில் 1968-ல் முத்தையா கொழும்பை விட்டுச் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு 38 வயது.

தோட்டத் தொழிலாளி மண்டபம் முகாமில் வந்து இறங்கியதும், இவர் சென்னையில் வந்து இறங்கியதும் ஒன்றாகிவிடாது. இவருக்குக் குடும்பம் இருந்தது, படிப்பு இருந்தது. இருந்தாலும் 17 வருஷம் ஓர் ஊரைப் பற்றி எழுதியவன், அந்த ஊர் உனக்குச் சொந்தமில்லை என்று சொல்லக் கேட்டு, இன்னோர் ஊரில் முதலிலிருந்து தொடங்குவது லேசான காரியமில்லை. பின்னாளில், 2003-ல், இலங்கையில் இந்திய வம்சாவளியினரின் 200 ஆண்டு வரலாற்றை ஒரு பெரிய புத்தகமாகவே கொண்டுவந்தார். மனதில் கிடந்ததை இறக்கி வைக்க அவருக்கு 35 வருஷம் ஆயிற்று.

வரைபடத்தில் கிடைத்த ஊர்

சென்னையில் அவருக்குக் கிடைத்தது பத்திரிகை வேலை அல்ல. டி.டி.கே. குழுமத்தின் வரைபட அச்சகமான டி.டி. மேப்ஸ் நிறுவனத்தில் பொறுப்பு ஏற்றார். ஊர்களின் வரைபடம், ரோடு வரைபடம் என்று வேலை. 1987-ல் இந்தியாவின் சமூக, பொருளாதார நிலையைக் காட்டும் பெரிய அட்லஸ் ஒன்றைத் தொகுத்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது.

எழுதுகிறவனை மேப் ஆபீசில் போட்டால் என்ன ஆகும்? தெருப் பெயர் ஒவ்வொன்றையும் பார்த்து 'இது யார்?' என்று கேட்க ஆரம்பிப்பான். வரைபடத்தில் பெயர் மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். அந்த ஆளைத் தேடிப் போனதில் விளைந்ததுதான் 1981-ல் வந்த 'மெட்ராஸ் டிஸ்கவர்டு' என்ற சிறிய புத்தகம். சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி மாதிரி தொடங்கியது, பதிப்புக்குப் பதிப்பு பெருத்தது. பெயரும் 'மெட்ராஸ் ரீடிஸ்கவர்டு' என்று மாறியது. தமிழிலும் 'சென்னை மறுகண்டுபிடிப்பு' என்று கிழக்கு பதிப்பகம் வெளியிட்டிருக்கிறது. ஆங்கிலம் வராதவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் ஊர் கண்ணில் படும் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அண்ணா சாலை என்பது பஸ் பிடிக்கும் இடம். கொழும்பிலிருந்து வந்தவருக்கு அது ஒரு கேள்வி.

1991-ல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' என்ற பத்திரிகை தொடங்கியது. மாதம் இருமுறை வரும் சிறு பத்திரிகை. அதற்கு முத்தையா ஆசிரியர். சாகும் வரையில், 28 வருஷம், அவரே ஆசிரியர். 1996-ல் ஊருக்குச் சென்னை என்று அரசாங்கம் பெயர் வைத்த பிறகும் தம் பத்திரிகைக்கு அவர் மெட்ராஸ் என்றே பெயர் வைத்திருந்தார்.

தபால்காரர் தட்டியபோது

முத்தையாவைப் பெரிய அளவில் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது 'இந்து' ஆங்கில நாளிதழில் 1999-ல் தொடங்கிய 'மெட்ராஸ் மிசலேனி' என்ற பகுதி. மிசலேனி என்றால் பல சரக்கு. திங்கட்கிழமை தோறும் வரும். ஏறக்குறைய 20 வருஷம் வந்தது. வாரம் ஒன்று என்று கூட்டிப் பார்த்தால் ஆயிரத்தை நெருங்கும்.

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் வண்டிகளில் பயணிகள் சீட்டில் விட்டுப் போகும் பத்திரிகைகள் பங்காரப்பேட்டையில் கிடைக்கும். அப்படித்தான் நான் இதைப் பார்த்தேன். மெட்ரிகுலேஷன் படித்தவனுடைய ஆங்கிலத்துக்கு முதலில் கொஞ்சம் மிரட்டலாக இருந்தது. வாக்கியங்கள் நீளம். ஆனால் இரண்டு மூன்று வாரம் படித்த பிறகு பிடிபட்டுவிட்டது. காரணம், அதில் இருந்தவை எல்லாம் ஊர் வம்பு மாதிரியான சங்கதிகள். ஒரு பழைய அச்சகம், ஓர் ஆஸ்பத்திரி, ஒரு டாக்டர் அம்மாள், ஒரு கால்பந்து கோஷ்டி, ஒரு சினிமா ஸ்டூடியோ, ஒரு பிஸ்கட் கடை. ஒரே வாரத்தில் மூன்று நான்கு விஷயங்கள்.

இதில் அடியேனுக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. 'தபால்காரர் கதவைத் தட்டியபோது' என்று அர்த்தம் வரும் தலைப்பில் வாசகர் கடிதங்களை வைத்து எழுதுவார். போன வாரம் ஒரு கட்டிடத்தைப் பற்றி எழுதியிருப்பார். 'அதைக் கட்டியது என் தாத்தாவின் கம்பெனி, நீங்கள் சொன்ன வருஷம் சரியில்லை' என்று ஒருவர் எழுதுவார். 'அந்தக் கட்டிடத்தின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம்' என்று இன்னொருவர் எங்கோ ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதுவார். அதை மூடி மறைக்காமல், இன்னார் இப்படிச் சொல்கிறார் என்று அடுத்த வாரம் போடுவார். தப்பு என்றால் தப்பு என்று போடுவார். சந்தேகம் என்றால், தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று போடுவார். அதற்குப் பதில் வரும். அதுவும் அச்சில் ஏறும்.

இப்படியாக ஒரு விஷயம் மூன்று மாதம் ஓடும். கடைசியில் பார்த்தால், எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சேதி பத்துப் பேருடைய பெட்டியிலிருந்து வெளியே வந்திருக்கும். சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் இதைச் சரித்திரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அடிக்குறிப்பு எங்கே, ஆதாரம் எங்கே என்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் தாத்தா பெட்டியில் இருந்த போட்டோ, பேரன் காலத்தில் பழைய பேப்பர் கடைக்குப் போவதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கியவர் முத்தையாதான்.

பத்திரிகைக்குச் சேதி அனுப்பிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். லைன் வீடுகளில் நாடகம் போட்ட ஒரு பெரியவரைப் பற்றி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து, ஒரு முழுத் தாள் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். நாலு வரி வந்தது. அதிலும் பெரியவர் பெயரில் எழுத்துப்பிழை. அதே பக்கத்தில் ஒரு திருமண மண்டபத் திறப்பு விழாவுக்கு முக்கால் பத்தி. விளம்பரம் கொடுப்பவருக்கு இடம் உண்டு, வேஷம் கட்டியவருக்குக் கிடையாது. ஒரு பெரிய நாளிதழில் வாராவாரம் பழைய மனிதர்களுக்கு என்று இடம் ஒதுக்கி, அது 20 வருஷம் நிலைத்தது சாமானியமான காரியமில்லை.

ராயபுரமும் நம்ம ரயிலும்

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம். 1856-ல் திறந்தார்கள். அங்கிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடியது. சென்டிரல் வந்தது 1873-ல், எழும்பூர் 1908-ல். இவை வந்த பிறகு ராயபுரத்தின் மவுசு போயிற்று. பெரிய தூண்களோடு கூடிய அந்தக் கட்டிடம், சரக்கு யார்டுக்குப் பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. பம்பாயிலும் தாணாவிலும் முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. ஆகவே நாட்டில் நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டிடம் ராயபுரம்தான். இதைப் பற்றி 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' விடாமல் எழுதியது. வேறு பலரும் குரல் கொடுத்தார்கள். 2005-ல் கட்டிடத்தைப் புதுப்பித்தார்கள்.

தங்கவயல்காரர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், அதே பாதைதான் நீண்டு ஜோலார்பேட்டை வந்து, 1864-ல் பெங்களூர் கன்டோன்மென்ட் போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரு நிலையத்துக்கு மைசூர் கமிஷனர் பவுரிங் துரையின் பெயரை வைத்துப் பவுரிங்பேட்டை என்றார்கள். இன்றைய பங்காரப்பேட்டை. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் தங்கவயலில் சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். 1894-ல் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்குக் கிளைப் பாதை போட்டார்கள். நம் பாட்டன், பூட்டன் தகரப் பெட்டியோடு இறங்கிய பாதை அது. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் விடியற்காலையில் டிபன் பாக்சோடு பெங்களூருக்கு ஏறுகிற பாதையும் அதுதான். ராயபுரத்துத் தூணை ஒருவர் எழுதிக் காப்பாற்ற முடிந்தது. உரிகம் நிலையத்தையும், கோரமண்டல் நிலையத்தையும் பற்றி ஒரு முழுக் கட்டுரையை நான் இது வரையில் படித்ததில்லை.

தப்பியதும் தப்பாததும்

எழுதியதெல்லாம் பலித்துவிட்டது என்று சொல்ல முடியாது. சென்னைக் கடற்கரைச் சாலையில் போலீஸ் தலைமை அலுவலகம் இருக்கிறதே, அது 1839-ல் ஃப்ரீமேசன் சங்கத்தார் கட்டியது. 1990-களில் அதை இடித்துவிட்டு அடுக்கு மாடி எழுப்பத் திட்டம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, கோர்ட்டுக்குப் போனார்கள், கட்டிடம் தப்பியது. ஆனால் துறைமுகத்துக்கு எதிரே இருந்த பழைய பெண்டிங்க் கட்டிடம் தப்பவில்லை. அது இருந்த இடத்தில்தான் இன்று கலெக்டர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது.

2004-ல் முத்தையாவும், பத்திரிகையாளர்கள் வின்சென்ட் டிசூசா, சசி நாயர் ஆகியோரும் சேர்ந்து 'மெட்ராஸ் தினம்' கொண்டாட ஆரம்பித்தார்கள். ஆகஸ்டு 22. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, தாமர்ல நாயக்கரிடம் 1639-ல் நிலம் பெற்ற நாள் என்று கணக்கு. பழைய பிரதிகளில் ஜூலை 22 என்று இருக்கிறது, ஆனால் டே அந்தத் தேதியில் இங்கு வந்து சேரவே இல்லை, ஆகவே ஆகஸ்டுதான் என்று ஒரு வாதம். இல்லை, அதற்கு முன்பே மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் இருந்தனவே, வெள்ளைக்காரன் நிலம் வாங்கிய நாள் எப்படி ஊரின் பிறந்த நாள் ஆகும் என்று இன்னொரு வாதம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் விழா பிடித்துக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் தெருத்தெருவாக நடந்து போய்ப் பழைய கட்டிடங்களைப் பார்க்கிறார்கள்.

2002-ல் பிரிட்டிஷ் ராணியின் எம்.பி.இ. விருது முத்தையாவுக்குக் கிடைத்தது. விருதுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு குறையும் உண்டு

சுரங்கத்து ஊர்க்காரன் கண்ணில் பார்த்தால் முத்தையாவின் எழுத்தில் ஒரு குறை படும். அதில் துரைமார்கள் அதிகம். கம்பெனி முதலாளிகள் அதிகம். கிளப், பங்களா, பெரிய ஆபீஸ் கட்டிடம் அதிகம். பல கம்பெனிகளின் சரித்திரத்தை அவர் புத்தகமாகவும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கட்டிடங்களுக்குச் செங்கல் சுமந்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், வட சென்னை மில்களில் வேலை பார்த்தவர்கள் அவ்வளவாக வரமாட்டார்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவர்கள் யாரோ, அவர்கள் வீட்டுக் கதைதானே தபாலில் வரும்?

தங்கவயலிலும் இதே கூத்துதான். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று ஊருக்குத் துரை பெயர். கிஃபோர்டு, புல்லன், எட்கர், ஹென்றி என்று சுரங்க வாய்களுக்குத் துரை பெயர். 3 கிலோ மீட்டருக்கு மேல் ஆழத்தில், அனலில், இடுப்புத் துணியோடு பாறையைக் குடைந்தவர் பெயரை ஒரு சந்துக்குக் கூட வைக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2013-ல் ஹாரி மக்ளூருடன் சேர்ந்து முத்தையா ஆங்கிலோ இந்தியர்களின் 500 ஆண்டு வரலாற்றை எழுதினார். எஞ்சின் டிரைவர், கார்டு, டெலிகிராப் ஆபீஸ், பள்ளி ஆசிரியை, ஹாக்கி ஆட்டக்காரர் என்று அந்தச் சமூகத்தின் சாதாரண ஜனங்களும் அதில் இருக்கிறார்கள். தங்கவயலிலும் ரயில்வே காலனிகளிலும் அவர்களோடு பழகியவர்களுக்கு, கிறிஸ்துமஸ் கேக்கும் டான்ஸும் மட்டும் அவர்கள் அல்ல என்று தெரியும். பெரும்பாலோர் வெளிநாடு போய்விட்டார்கள். போவதற்கு முன் ஒருவர் எழுதி வைத்தார்.

நமக்கு யார் எழுதுவது?

தங்கவயலுக்குப் பத்திரிகை புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19-ல் சென்னை ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். ஒரு வருஷத்தில் அது 'தமிழன்' ஆயிற்று. அதற்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள், மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. இங்கே நடந்த கூட்டங்கள் அந்தப் பத்திரிகையில் சேதியாக வந்தன. பண்டிதர் 1914-ல் காலமானார். பத்திரிகை நின்றது. 1926-ல் ஜி. அப்பாதுரையார் அதே 'தமிழன்' பத்திரிகையைத் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை இங்கே அச்சுப் போட்டது. சென்னையில் நின்றுபோன ஒரு பத்திரிகையைச் சுரங்கத் தொழிலாளர் ஊர் தூக்கி நிறுத்தியது. இதைத் தெரிந்தவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்?

2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 120 வருஷத் தொழில். அன்று 45 வயதில் வேலை இழந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. நுரையீரலில் பாறைத் தூசியோடு அந்த வயது வரை இருப்பவர்களே குறைவு. சங்கு ஊதினால் எந்த ஷிப்டு, எந்த லைனில் எந்த ஊர்க்காரர்கள், மாரியம்மன் திருவிழாவில் எந்த செட்டு மேளம், பொங்கலுக்கு யார் நாடகம், ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், ஆர்மோனியம் யார் என்பதெல்லாம் அவர்கள் தலையில்தான் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இன்று நம் ஊர் சினிமா மூலமாகத்தான் தெரியும். 2018-லும் 2022-லும் வந்த 'கே.ஜி.எஃப்' கன்னடப் படங்களில் துப்பாக்கியும் புழுதியும் பார்த்தார்கள். அது முழுக்கக் கற்பனை. அதில் நம் லைன் வீடும் இல்லை, நம் பாஷையும் இல்லை. 2024-ல் வந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடி வந்த ஜனங்களைக் காட்டியது. சந்தோஷம். அதுவும் சினிமாதான். பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் ஆபீசில் 'நீ அந்தப் படத்து ஊரா?' என்று கேட்கிறார்களாம். ஆமாம் என்று தலையாட்டுவதைத் தவிர, எடுத்துக் காட்ட ஒரு புத்தகம் கையில் இல்லை.

முத்தையா மாதிரி ஒருவர் நமக்குக் கிடைப்பார் என்று காத்திருப்பதில் பிரயோசனம் இல்லை. அவருக்கு நாளிதழில் இடம் இருந்தது, புத்தகம் போடக் கம்பெனிகள் இருந்தன. ஆனால் அவர் செய்த வேலையில் பாதியைச் செய்தவர் தபால்காரர். அதற்குப் பெரிய படிப்போ பெரிய இடமோ வேண்டியதில்லை.

ஆகவே இந்தப் பதிப்பைப் படிக்கும் தங்கவயல்காரர்கள், பெங்களூரிலோ, ஓசூரிலோ, வேறு எங்கிருந்தாலும், ஒரு கார்டு எழுதிப் போடலாம். எங்களுக்குச் சரித்திரம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எந்த மைன், எந்த லைன், எந்த வருஷம் என்ற மூன்றும் இருந்தால் போதும். வருஷம் ஞாபகம் இல்லாவிட்டால், மூத்த மகன் பிறந்த வருஷம், அந்தக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அடுத்த வருஷம் என்று எழுதினாலும் சரி, கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறவர்கள் பேசுகிறவர் பெயரையும் ஊரையும் முதலில் சொல்லிவிட்டு ஆரம்பிக்கவும். நாடக நோட்டீஸ், சங்க ரசீது, சம்பளச் சீட்டு, பஜனை கோஷ்டி நோட்டுப் புத்தகம் எதுவானாலும் குப்பை என்று நினைக்க வேண்டாம். அசலை அனுப்ப வேண்டியதில்லை, நகல் போதும்.

போட்டோ அனுப்புகிறவர்கள் பின்பக்கத்தில், இடமிருந்து வலமாக, நிற்பவர்கள் பெயரை வரிசையாக எழுதி அனுப்பவும். பெயர் தெரியாத இடத்தில் ஒரு கோடு போட்டு விடவும், வேறு யாராவது சொல்வார்கள். பென்சிலால் எழுதவும். பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் இறங்கிவிடும்.